நன்றி விருந்தின் அடுப்பங்கரை

ஏழு கிலோ எடையுள்ள உறைந்த வான்கோழி ஒன்று குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இருந்து இளகி வர ஏறக்குறைய நான்கு நாட்கள் பிடிக்கும். வியாழக்கிழமை மதியம் அது மேசைக்கு வர வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையே உறைபெட்டியிலிருந்து இறக்கியாக வேண்டும். இந்தக் கணக்கைக் கோட்டைவிட்டு, புதன் இரவில் கல்லாய்க் கிடக்கும் பறவையோடு மல்லுக்கட்டும் வீடுகள் அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன் அந்நாட்டின் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாள். புத்தாடை எடுப்பதும் பரிசு கொடுப்பதும் அதன் வழக்கத்தில் இல்லை. வீட்டில் சமைத்து, உற்றார் உறவினரோடு உட்கார்ந்து உண்பதே அன்றைய சடங்கு.

இத்திருநாளின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவர்களிடம் தொடங்கி அதிபர்களின் அறிக்கைகளில் முடிக்கிறார்கள். மேசையில் எது இடம்பெற வேண்டும், எதை முதல் நாளே செய்து வைக்க வேண்டும், பறவை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானித்தவை அந்தந்தக் காலத்து அடுப்புகள். அவற்றின் முன் நின்று கணக்குப் போட்டவர்கள் பெண்கள். அந்த வரலாறுதான் சொல்லப்படாமல் கிடக்கிறது.

1620 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பல் இன்றைய மாசசூசெட்ஸின் பிளிமத் கரையை அடைந்தது. அதில் வந்த பயணிகள் 102 பேர். குளிரும் நோயும் அடுத்த கோடைக்குள் பாதிப் பேரைக் கொண்டுபோயின. வயது வந்த பெண்களாக வந்தவர்கள் 18 பேர்; 1621 இலையுதிர் காலத்தில் உயிரோடிருந்தவர்கள் நால்வர். எலினார் பில்லிங்டன், எலிசபெத் ஹாப்கின்ஸ், மேரி புரூஸ்டர், சூசன்னா வின்ஸ்லோ. பட்டூக்செட் என்ற பூர்வகுடி ஊரைச் சேர்ந்த டிஸ்குவாண்டம் சொல்லிக்கொடுத்தபடி பயிரிட்ட மக்காச்சோளம் நன்றாக விளைந்திருந்தது. அறுவடை முடிந்த மகிழ்ச்சியில் குடியேறிகள் விருந்து வைத்தார்கள். அப்பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் உசமெக்வின் சுமார் 90 பேரோடு வந்து சேர்ந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். விருந்து மூன்று நாள் நடந்தது. ஏறக்குறைய 140 பேருக்கு மூன்று நாள் சமையல். பொறுப்பேற்க நான்கு பெண்கள், கைகொடுக்கச் சில சிறுமிகளும் பணியாட்களும்.

அந்த விருந்தை நேரில் கண்டு உடனே எழுதியவர் ஒருவரே: எட்வர்ட் வின்ஸ்லோ, 1621 டிசம்பரில் எழுதிய கடிதத்தில். வேட்டைக்குப் போன நால்வர் ஒரே நாளில் ஒரு வாரத்துக்குப் போதுமான பறவைகளைச் சுட்டு வந்ததை அவர் சொல்கிறார். மான்களின் எண்ணிக்கையையும் சொல்கிறார். யார் சமைத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. சமைத்த நால்வரில் ஒருவரான சூசன்னா அவருடைய மனைவி.

அக்கடிதத்தில் பறவைகள் என்றுதான் இருக்கிறதே தவிர வான்கோழி என்று இல்லை. காட்டு வான்கோழிகள் அப்பகுதியில் நிறைய இருந்ததால் அதுவும் இருந்திருக்கலாம். உருளைக்கிழங்கு அங்கே இன்னும் வந்துசேரவில்லை. கோதுமை மாவும் வெண்ணெயும் இல்லாமல், மாவுக்குள் பரங்கிக்காய்க் கூழ் நிரப்பிச் சுடும் ‘பை’ செய்ய வழியில்லை. சர்க்கரைக்குத் தட்டுப்பாடு என்பதால் கிரான்பெர்ரிப் பழச் சாஸும் இல்லை. இன்று மரபு என்று எண்ணப்படும் பட்டியலில் பாதிக்கு மேல் அந்த மேசையில் கிடையாது.

வான்கோழியின் பயணமும் விசித்திரமானது. மெக்சிகோவில் வீட்டுப் பறவையாக வளர்ந்ததை ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனார்கள். அங்கிருந்து இங்கிலாந்து, பிறகு ஆங்கிலக் குடியேறிகளோடு மறுபடி அமெரிக்கா. போர்த்துகீசியரின் கோவா வழியாக 1612-இல் ஒரு வான்கோழி முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவைக்கே வந்துவிட்டது. மன்னர் அதன் தோற்றத்தை வியந்து தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். பிளிமத் விருந்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் அதற்கு ஓவியம் இருந்தது.

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் பியூரிட்டன் கிறித்தவர்கள் கிறிஸ்துமஸை ஏற்கவில்லை. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு பெருவிருந்துக்கு மனித மனம் ஏங்குகிறது போலும். அந்த வெற்றிடத்தை ஆளுநர்கள் அறிவித்த நன்றி வழிபாட்டு நாள் மெல்ல மெல்ல நிரப்பியது. காலையில் தேவாலயம், மதியத்துக்கு மேல் விருந்து. சமையல் எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதற்குக் கனெக்டிகட்டின் கோல்செஸ்டர் ஊரே சாட்சி. 1705-இல் அவ்வூருக்கு வரவேண்டிய மொலாசஸ் வந்து சேரவில்லை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் அந்தக் கரும்பாகு இல்லாமல் இனிப்பு ஏது? ஊர்க்கூட்டம் கூடி நன்றி நாளையே ஒரு வாரம் தள்ளிவைத்தது. கடவுளுக்கு நன்றி சொல்லக் குறித்த நாள் ஒரு பீப்பாய்ப் பாகுக்காகக் காத்திருந்தது. அந்தப் பாகு கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அக்காலத்து நியூ இங்கிலாந்து வீட்டில் சமையலறையின் நடுநாயகம் ஆள் குனிந்து நுழையும் அளவு பெரிய கணப்பு. அதன் சுவருக்குள் செங்கல்லால் குவிமாடம் போலக் கட்டிய இன்னோர் அடுப்பும் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பேக்கரிகளில் போறணையைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே விளங்கும். உள்ளேயே விறகை அடுக்கி, இரண்டு மணி நேரம்போல் எரித்து, தணலையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளிவிட்டு, செங்கல் வாங்கி வைத்திருக்கும் சூட்டில் பண்டங்களைச் சுடுவார்கள். வெப்பமானி கிடையாது. கையை உள்ளே நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அதிகச் சூடு கேட்கும் ரொட்டிகள் முதலில் போகும். மிதமான சூடு போதும் என்கிற கஸ்டர்டு வகைகள் கடைசியில். அடுப்பு ஆற ஆற எது எப்போது உள்ளே போக வேண்டும் என்ற வரிசை அந்த வீட்டுப் பெண்ணின் மனத்தில் இருந்தது. இந்த அறிவை ஒரு தொழில்நுட்பமாகவே கருத வேண்டும். ஆனால் அவர்களைத் தொழில்நுட்பர் என்று எழுதும் நூல்கள் அரிது.

போறணையை ஒருமுறை சூடேற்றுவதற்கு ஆகும் விறகும் நேரமும் அதிகம். ஆகவே மூட்டினால் நிறையச் சுட்டுவிட வேண்டும். மாவை மெல்லியதாகத் தேய்த்து வட்டத் தட்டில் விரித்து, உள்ளே பழமோ கொத்திய இறைச்சியோ பரங்கிக்காய்க் கூழோ நிரப்பிச் சுடும் ‘பை’ என்ற பண்டம் டஜன் கணக்கில் செய்யப்பட்டது இதனால்தான். விருந்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். உலர்திராட்சையின் விதையை நீக்குவது, பட்டையையும் கிராம்பையும் உரலில் இடிப்பது, ஆப்பிள் நறுக்குவது, கட்டிச் சர்க்கரையைப் பொடிப்பது என்று பிள்ளைகளுக்கும் கை ஓயாது. ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டோ, 1869-இல் வெளியிட்ட ‘ஓல்ட்டவுன் ஃபோக்ஸ்’ நாவலில் இந்த ஆயத்தங்களை ஒரு முழு அத்தியாயத்துக்கு விவரித்திருக்கிறார். சுட்ட பைகளை வெயில் படாத வடக்கு அறையில் அடுக்கி வைப்பார்கள். குளிரில் உறைந்து கிடக்கும் அவை ஏப்ரல் வரைகூட ஒவ்வொன்றாக மேசைக்கு வருமாம். நியூ இங்கிலாந்தின் பனிக்காலமே அவர்களுக்கு உறைபெட்டி.

வான்கோழி போறணைக்குள் போகவில்லை. கணப்பின் தீக்கு முன்னால் கம்பியில் கோத்தோ கயிற்றில் தொங்கவிட்டோ திருப்பித் திருப்பிச் சுட்டார்கள். பின்னாளில் வெப்பத்தைத் திருப்பியடிக்கும் தகரக் கூடு ஒன்றும் வந்தது. மணிக்கணக்கில் பக்கத்திலிருந்து திருப்பும் வேலை பெரும்பாலும் சிறுவர்களுடையது. பறவைக்கு ஓரிடம், பண்டங்களுக்கு வேறிடம், குழம்புப் பானைகளுக்குத் தணலுக்கு மேலே கொக்கி. ஒன்றின் நெருப்பை மற்றொன்று பறித்துக்கொள்ளவில்லை.

இந்தச் சமையல் முதன்முதலில் அமெரிக்கர் ஒருவரின் நூலாக வந்தது 1796-இல், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில். அமீலியா சிம்மன்ஸ் எழுதிய ‘அமெரிக்கன் குக்கரி’யில் வான்கோழியோடு கிரான்பெர்ரிச் சாஸ் பரிமாறும் யோசனையும் பரங்கிக்காய் இனிப்புக்கான இரண்டு செய்முறைகளும் இருக்கின்றன. தலைப்புப் பக்கத்தில் தம்மை அவர் ஓர் அமெரிக்க அநாதை என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். அவரைப் பற்றித் தெரிந்தது ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் அவர் சேர்த்துவைத்த பறவையும் பழமும் இன்றுவரை பிரியவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வார்ப்பிரும்பு அடுப்பு வீடுகளுக்குள் பரவியது. விறகு மிச்சம், புகை குறைவு, குனிந்து நிற்க வேண்டாம். எல்லாம் நன்மைதான். ஆனால் தீக்கு முன்னால் சுழன்ற வான்கோழியும் போறணையில் வெந்த பைகளும் ரொட்டியும் இப்போது ஒரே சிறிய இரும்புப் பெட்டிக்குள் நுழைய வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்த விருந்தைச் சமைப்பவரை வாட்டும் கேள்வி, இருக்கிற ஒரே ஓவனுக்குள் எதை எந்த மணிக்கு வைப்பது என்பதே. அது பிறந்தது இங்கேதான்.

அதே காலத்தில்தான் இந்த வட்டாரப் பண்டிகை நாடு முழுவதற்குமானது. அதற்குக் காரணமான பெண்ணின் ஒரு படைப்பு தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்: மேரியின் ஆட்டுக்குட்டி பற்றிய அந்த ஆங்கில மழலைப் பாட்டு. சாரா ஜோசஃபா ஹேல் 1788-இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். 1822-இல் கணவர் இறந்தபோது அவருக்கு நான்கு குழந்தைகள், ஐந்தாவது வயிற்றில். பிழைப்புக்காக எழுத வந்தார். 1827-இல் வந்த ‘நார்த்வுட்’ நாவலில் நன்றி விருந்து ஒன்றை ஒவ்வொரு தட்டாக வருணித்தார்: மேசையின் தலைமாட்டில் வான்கோழி, அதைச் சுற்றி மாட்டிறைச்சி, பன்றி, ஆடு, வாத்து, கோழிப் பை, ஊறுகாய்கள், பரங்கிக்காய்ப் பை. 1837 முதல் 40 ஆண்டுகள் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்ற பெண்கள் இதழின் ஆசிரியர். 1860 வாக்கில் அதன் பிரதிகள் ஒன்றரை லட்சம். ஆண்டுதோறும் நவம்பரை ஒட்டி அந்த இதழில் செய்முறைகளும் கதைகளும் வரும். ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் கடிதங்கள் போகும். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1863 செப்டம்பர் 28 அன்று ஆபிரகாம் லிங்கனுக்கு எழுதினார். அக்டோபர் 3 அன்று, நவம்பரின் கடைசி வியாழன் நாடு முழுவதற்கும் நன்றி நாள் என்ற அறிக்கை வெளியானது. அறிக்கை லிங்கனின் பெயரில் நிற்கிறது. அந்நாளில் என்ன சமைப்பது என்பதை அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே ஹேல் நாட்டுக்குச் சொல்லிவிட்டார்.

செய்முறை கைக்கு வந்தது, அளவு? ‘ஒரு முட்டையளவு வெண்ணெய்’ என்கிற மாதிரிக் குறிப்புகளே அப்போது வழக்கம். தாயிடம் பழகியவர்களுக்கு அது போதும்; ஊர் விட்டு நகரத்துக்கு வந்த இளம் மனைவிக்குப் போதாது. 1896-இல் ஃபேனி ஃபார்மர் ‘பாஸ்டன் குக்கிங் ஸ்கூல் குக் புக்’கில் கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கச் சொன்னார். விற்காது என்று அஞ்சிய பதிப்பாளர் முதல் 3,000 பிரதிகளின் செலவை அவர் தலையிலேயே கட்டினார். அப்புத்தகம் பல பதிப்புகள் கண்டு லட்சக்கணக்கில் விற்றது.

தேதிக்கும் ஒரு சண்டை நடந்தது. 1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு இன்னும் ஒரு வாரம் கிடைக்கட்டும் என்று அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விருந்தை 23ஆம் தேதிக்கு முன்னே நகர்த்தினார். 23 மாநிலங்கள் ஏற்றன, 22 மறுத்தன, மூன்று மாநிலங்கள் இரண்டு நாளையும் வைத்துக்கொண்டன. 1941 டிசம்பரில் நான்காவது வியாழன் என்று சட்டம் வந்ததும் குழப்பம் தீர்ந்தது.

1930களில் இதைவிடச் சுவையான ஒன்று மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில் ஊரில் நடந்தது. நகரங்களில் வீடுகள் அடுக்ககங்களாகச் சுருங்கின. ஓவனும் குளிர்பெட்டியும் சிறுத்தன. பண்ணை வான்கோழியோ அவற்றில் அடங்காது. என்ன மாதிரிப் பறவை வேண்டும் என்று இல்லத்தரசிகளிடம் விசாரித்துவிட்டு, அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வு நிலையம் அங்கே சிறிய இனமொன்றை உருவாக்கியது. எடை குறைவு, நெஞ்சுக்கறி அதிகம், உரித்தபின் தோலில் கறுப்புப் புள்ளி தெரியாத வெள்ளை இறகு. 1950களில் ‘பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட்’ வீடுதோறும் போனது. பெரிய வெள்ளை இனத்தை இளம் வயதிலேயே விற்றாலும் சின்னப் பறவை கிடைத்துவிடும் என்று பண்ணைகள் கண்டுகொண்டதும் 1970களுக்குள் அது ஏறக்குறைய மறைந்தது. அடுப்பின் அளவுக்கு ஓர் உயிரினத்தையே வெட்டித் தைத்த கதை இது.

இந்த விருந்தின் முகமாக உலகம் அறிந்த ஓவியம் நார்மன் ராக்வெல்லின் ‘ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்’. 1943 மார்ச்சில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் வந்தது. பாட்டி ஒருவர் பெரிய வான்கோழியை மேசையில் வைக்கிறார். தாத்தா பின்னால் நிற்கிறார். எல்லார் முகத்திலும் சிரிப்பு. பாட்டியாக நின்றவர் ராக்வெல் வீட்டின் சமையற்காரப் பெண்மணி. அந்தப் பறவையைச் சமைத்தவரும் அவரே. ஓவியத்தில் சமையலறை இல்லை.

சமையலறை வேலையில் ஒரு பகுதி ஏற்கெனவே தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கியிருந்தது. 1912-இல் வழக்கறிஞர் மார்கஸ் யூரன் நசுங்கிய கிரான்பெர்ரிகளை வீணாக்காமல் கூழாக்கித் தகரக் குவளையில் அடைத்தார். 1929-இல் லிபிஸ் நிறுவனம் பரங்கிக்காயையும் அவ்வாறே கூழாக்கி அடைத்து விற்றது. காயை அறுத்து, வேகவைத்து, மசித்து, வடிகட்டும் அரைநாள் வேலை குவளையைத் திறக்கும் நொடியில் முடிந்தது. குவளையை நம்பியதற்கு ஒருமுறை விலையும் கொடுக்க நேர்ந்தது. 1959 நவம்பர் 9 அன்று, விருந்துக்கு 17 நாள் இருக்கையில், சில கிரான்பெர்ரித் தோட்டங்களில் களைக்கொல்லி எச்சம் இருப்பதாக சுகாதாரத் துறைச் செயலர் ஆர்தர் ஃபிளெமிங் அறிவித்தார். கடைகள் குவளைகளை அப்புறப்படுத்தின. அவ்வாண்டு வெள்ளை மாளிகை விருந்திலேயே ஆப்பிள் கூழ்தான்.

இந்தத் தொழிற்சாலைக் காலத்தின் பெண்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். 1955-இல் நியூ ஜெர்சியின் கேம்டனில், காம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் பணியாற்றிய டார்கஸ் ரெய்லி ஒரு பண்டத்தை அமைத்தார். எந்த வீட்டு அலமாரியிலும் ஏற்கெனவே இருக்கும் பொருள்களால் மட்டும் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். பீன்ஸ், காளான் சூப், பால், சோயா சாஸ், மிளகுத்தூள், மேலே தூவப் பொரித்த வெங்காயம். பத்து நிமிடத்தில் கலந்து ஓவனில் வைத்துவிடலாம். ‘கிரீன் பீன் கேசரோல்’ இன்று கோடிக்கணக்கான வீடுகளின் மரபு. 2002-இல் அந்தச் செய்முறை அட்டை தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தின் காட்சியகத்துக்குப் போனது. ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் ரூத் சீம்ஸ் இன்னொரு சிக்கலை எடுத்துக்கொண்டார். பறவையின் வயிற்றுக்குள் அடைக்கும் ரொட்டித் துணுக்குக் கலவையை, பறவையே இல்லாமல் அடுப்பு மேலேயே நிமிடங்களில் செய்ய முடியுமா? துணுக்கின் அளவில்தான் சூட்சுமம் என்று கண்டுபிடித்தார்: மிகச் சிறிதானால் நீரில் களியாகும், பெரிதானால் நடுவில் ஊறாது. 1972-இல் சந்தைக்கு வந்த ‘ஸ்டவ் டாப்’ அவருடைய உழைப்பு. 1975-இல் வந்த காப்புரிமையில் முதல் பெயர் அவருடையது. நெருக்கடியான ஓவனிலிருந்து ஒரு பண்டத்தை வெளியே கொண்டுவந்தவர் என்ற முறையில் அவருக்குச் சமையல் வரலாற்றில் பெரிய இடம் தர வேண்டும்.

இன்றைய வீட்டின் கால அட்டவணை பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது. ஞாயிறன்று பறவை குளிர்பெட்டிக்கு. இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. செவ்வாயன்று கிரான்பெர்ரிச் சாஸ், அது நாள்பட நாள்பட இறுகும். புதன் பகலில் பைகள், ஓவன் காலியாக இருக்கும் கடைசி வாய்ப்பு அது. வியாழன் காலையில் வான்கோழி உள்ளே போனால் அடுத்த சில மணி நேரம் ஓவன் அதற்கே சொந்தம். உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது வேளாண் துறையின் விதி. வெளியே எடுத்தபின் உடனே அரிந்தால் சாறெல்லாம் வழிந்துவிடும். அரை மணி ஆறவிட வேண்டும். அந்த அரை மணியில்தான் கேசரோலும் ரொட்டியும் ஓவனுக்குள் பாய்கின்றன, தட்டில் வழிந்த சாற்றில் கிரேவி கொதிக்கிறது, உருளைக்கிழங்கு மசிக்கப்படுகிறது. ஆண்டில் வீட்டுச் சமையல் தீவிபத்துகள் மிக அதிகமாக நேரும் நாளும் இதுவே.

பதற்றத்தில் யாரைக் கேட்பது? அம்மாவும் பாட்டியும் வேறு மாநிலத்தில். 1981-இல் வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் ஒரு தொலைபேசி எண்ணைத் திறந்து, மனையியல் படித்த ஆறு பெண்களை உட்காரவைத்தது. முதல் ஆண்டிலேயே 11,000 அழைப்புகள். இப்போது ஒரு பருவத்தில் லட்சத்தைத் தாண்டுகின்றன. அதிகம் கேட்கப்படுவது உறைந்த பறவையை இளக்குவது பற்றித்தான். ஆலோசகர்களாக ஆண்கள் சேர்க்கப்பட்டது 2013-இல்தான்.

எல்லா வீட்டிலும் இந்த நாள் கொண்டாட்டமில்லை. உசமெக்வின் மகன் மெட்டாகோம் 1675-76-இல் குடியேறிகளை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். அவர் தலையைப் பிளிமத்திலேயே கம்பத்தில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்தார்கள். 1970 முதல் வாம்பனோக் மக்களும் பிற பழங்குடியினரும் நன்றி நாளன்று அதே ஊரில் கூடித் தேசியத் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். பள்ளிப் புத்தகம் 1621-இன் மூன்று நாளை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த 55 ஆண்டுகளை விட்டுவிடுவது நியாயமில்லை.

வந்து குடியேறியவர்கள் தங்கள் பண்டங்களை அந்த மேசையில் சேர்த்தபடியே இருக்கிறார்கள். கறுப்பின அமெரிக்கர் வீடுகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பையும் மாக்கரோனி-சீஸும் இல்லாமல் விருந்து நிறையாது. இத்தாலிய வம்சாவளியினர் வான்கோழிக்கு முன் லசான்யா பரிமாறுகிறார்கள். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் வான்கோழிக்கு இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் தடவி ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள். சைவ வீடுகளில் பறவை இல்லாமலே பரங்கிக்காய்ப் பையும் பிரியாணியும் மேசைக்கு வருகின்றன. அந்த வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. பிரியாணி, குழம்பு, பொரியல் எல்லாம் அடுப்பு மேலேயே ஆகிவிடுவதால், ஓவனுக்குள் யார் முதலில் என்ற 170 ஆண்டுப் போட்டியில் அவை கலந்துகொள்வதில்லை.